பல்கலைக்கழகக் கணக்குக்கு எந்த ஏஐயை நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியர் எழுதும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கும் எம்.எஸ்சி கணிதம் படிக்கும் சிலருக்கும் மாலையில் வகுப்பு எடுக்கிறேன். முன்பெல்லாம் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டும்போது "எந்த கைடு வாங்கலாம் சார்?" என்பார்கள். 2023-க்குப் பிறகு அந்தக் கேள்வி "எந்த ஏஐ சார்?" என்று ஆகிவிட்டது. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதிவைத்துவிட்டேன். சூத்திரங்களை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். பழைய போன்களில் கணிதச் சின்னங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம்.

சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க. கணக்குக்கு எது பெஸ்ட்?

ஒரே வார்த்தை என்றால் மாக்சிமா என்ற கணித மென்பொருள். இலவசம், இன்டர்நெட் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் கிடைக்கிறது. இதைச் சொன்னதும் முகம் சுருங்கும் என்று தெரியும். நீங்கள் கேட்டது சாட்ஜிபிடியா, ஜெமினியா, கிளாடா, டீப்சீக்கா என்று.

அந்த நால்வரில் யார் முதலிடம் என்பது சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. இன்று நான் ஒரு பெயரைச் சொல்லி, நீங்கள் அடுத்த செமஸ்டரில் படித்தால் அது பழைய சாதம். மாறாத விஷயம் ஒன்று உண்டு: உங்கள் கையில் இருப்பது எந்த வகைக் கணக்கு, அதன் விடையைச் சரிபார்க்க உங்களுக்கு வழி இருக்கிறதா என்பது. மீதிக் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

மாக்சிமா, வுல்ஃப்ராம் ஆல்ஃபா எல்லாம் ஏஐ இல்லையா? என்ன வித்தியாசம்?

இரண்டு வேறு சாதி. மாக்சிமா, வுல்ஃப்ராம் ஆல்ஃபா, சேஜ்மாத், பைத்தானில் வரும் சிம்பை ஆகியவை இயற்கணித மென்பொருள்கள். தொகையிடு என்றால், அதற்கென்று எழுதப்பட்ட விதிகளை வரிசையாக ஓட்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் 1960-களின் கடைசியில் தொடங்கிய மாக்சிமா (Macsyma) என்ற திட்டத்தின் நேர் வாரிசுதான் இன்றைய மாக்சிமா (Maxima). உச்சரிப்பு ஒன்றுபோலத் தோன்றினாலும் மூத்ததற்கு ஆங்கில எழுத்து வேறு. வுல்ஃப்ராம் ஆல்ஃபா 2009-இல் வந்தது. இவை எல்லாம் இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும் ஒரே விடைதான் தரும்.

சாட்ஜிபிடி முதலியவை மொழி மாதிரிகள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை எழுதியதற்கு அடுத்து எது வரும் என்று ஊகித்து எழுதிக்கொண்டே போகின்றன. "ஒரு தொட்டியில் இரண்டு குழாய்" என்று கதையாகக் கேட்டாலும் புரிந்துகொள்ளும். மாக்சிமாவிடம் கதை சொல்ல முடியாது. சமன்பாட்டை நீங்கள்தான் அமைத்துத் தர வேண்டும்.

மூன்றாவது வகை இந்த இரண்டின் கலப்பு. மொழி மாதிரி கணக்கைப் புரிந்துகொண்டு, ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதி, அதை ஓட்டி, வந்த விடையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வகைதான்.

இவ்வளவு பெரிய ஏஐ ஏன் கூட்டல் பெருக்கல்லகூடத் தப்பு பண்ணுது?

அது எண்களை எண்களாகப் பார்ப்பதில்லை; எழுத்துத் துண்டுகளாகப் பார்க்கிறது. 2024-இல் 9.11 பெரியதா 9.9 பெரியதா என்று கேட்டதற்குப் பெயர் பெற்ற மாதிரிகள் பலவும் 9.11 என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாயின. பிறகு வந்தவை நிறையத் தேறிவிட்டன. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வரி நீளும் கைக்கணக்கில் நடுவில் ஒரு இலக்கம் நழுவினால், கீழே உள்ள எல்லாம் அழகாகத் தவறாக வரும்.

இன்ஜினியரிங்கில் இது அடிக்கிற இடம் நியூமெரிக்கல் மெத்தட்ஸ். ரங்கே-குட்டா நான்காம் படியை எடுங்கள்: டிஒய் பை டிஎக்ஸ் என்பது எக்ஸ் பிளஸ் ஒய், எக்ஸ் 0-வில் ஒய் 1, ஹெச் 0.1. நான்கு கே மதிப்புகள் 0.1, 0.11, 0.1105, 0.12105. விடை 1.11034. மாதிரி மூன்றாவது கே-யில் 0.1150 என்று ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டால் விடை 1.11192 ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பரீட்சையில் மார்க் போய்விடும். இந்த மாதிரிக் கணக்கில் "நிரல் எழுதி ஓட்டிச் சொல்" என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். தொந்தரவு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

"கோட் ஓட்டிப் பார்த்துட்டேன்"னு அதுவே சொல்லுதே, அது போதாதா?

சொல்வதும் செய்வதும் வேறு. உண்மையிலேயே ஓட்டியிருந்தால் நிரலும், அதற்குக் கீழே வந்த வெளியீடும் தனிப் பெட்டியாக இருக்கும், அல்லது திறந்து பார்க்கிற மாதிரி ஒரு குறி இருக்கும். அது இல்லாமல் வாக்கியத்தில் மட்டும் "சரிபார்த்தேன்" என்று வந்தால், அதுவும் ஊகித்து எழுதிய இன்னொரு வாக்கியம். சந்தேகம் இருந்தால் நிரலை நகலெடுத்து, சேஜ்மாத்தின் இலவச இணையக் கட்டத்திலோ உங்கள் லேப்டாப் பைத்தானிலோ ஒட்டி நீங்களே ஓட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

காசு கட்டி வாங்கினாத்தான் சரியா வருமா?

பி.இ. கணக்குத் தாள்களுக்குத் தேவையில்லை. நிறுத்தி யோசிக்கும் மாதிரிகள் இலவசத்திலும் ஒரு நாளைக்குச் சில முறை கிடைக்கின்றன; அந்தச் சில முறையைச் சிக்கலான கணக்குக்கு வைத்துக்கொண்டு எளியதை மாக்சிமாவுக்குக் கொடுங்கள். வுல்ஃப்ராம் ஆல்ஃபாவில் விடை இலவசம், படிப்படியான விளக்கம்தான் கட்டணம். அந்த விளக்கத்தை மொழி மாதிரியிடம் வாங்கிக்கொண்டு, விடையை வுல்ஃப்ராமோடு ஒப்பிடலாம்.

லேபுக்கு மேட்லேப் வேண்டும் என்றால் ஆக்டேவ், சைலாப் இரண்டும் இலவசம். சைலாப்புக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சிப் படிப்பில் நாளெல்லாம் உட்கார்ந்து நிறுவல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சந்தா கட்டலாம்; அவர்களும் ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், ஆறு மாதத்தில் ஊர் மாறிவிடுகிறது.

கேள்வித்தாளை போட்டோ எடுத்துப் போட்டா போதுமா?

போதும், ஆனால் முதல் கட்டளை "தீர்வு வேண்டாம், நீ படித்த கணக்கைத் திருப்பி எழுது" என்று இருக்கட்டும். தவறுகளில் கணிசமான பங்கு தீர்ப்பதில் இல்லை, படிப்பதில்தான். மைனஸ் குறி மங்கிப்போகும், அடுக்கு இறங்கிப் பெருக்கலாகும், தொகையீட்டின் மேல் எல்லையில் உள்ள பை என்ற குறி என் என்ற எழுத்தாகும். கையெழுத்தில் எக்ஸும் பெருக்கல் குறியும் ஒன்றுபோல இருப்பவர்கள் தட்டச்சு செய்துவிடுவது நல்லது.

ஃபோட்டோமேத் போன்றவை படம் படிப்பதில் கெட்டி, பள்ளிக் கணக்குக்கும் முதல் செமஸ்டர் கால்குலஸுக்கும் உதவும். பார்ஷியல் டிஃபரன்ஷியல் சமன்பாடு என்று வந்தால் அங்கே நிற்காதீர்கள்.

தமிழில் கேட்கலாமா, இங்கிலீஷ்லதான் கேட்கணுமா?

விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள், கணக்கை ஆங்கிலத்தில் கொடுங்கள். தாய்மொழிப் பற்று குறைந்து சொல்லவில்லை. மாதிரிகள் படித்த உயர்கல்விக் கணிதத்தில் தமிழ் மிகக் குறைவு. கலைச்சொற்களும் நம்மிடையே ஒன்றாக இல்லை. இணைய வகுப்பில் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் "தாயம்" என்றபோது எங்கள் பிள்ளைகள் தாயக்கட்டை ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள். அங்கே தாயம் என்பது இங்கே அணி, அதாவது மேட்ரிக்ஸ். இங்கே குலம் (குரூப்) என்று நாம் படிப்பதை அங்கே கூட்டம் என்கிறார்கள். மனிதர்களே குழம்பும்போது மாதிரி குழம்புவதில் என்ன வியப்பு?

"கணக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் விளக்கு, கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விடு" என்று கேட்டால் நன்றாக வருகிறது. பரீட்சைக்கும் அதுதான் வசதி.

புத்தகத்துல ஒரு விடை, ஏஐ ஒரு விடை. யாரு தப்பு?

பாதி நேரம் யாருமே தப்பில்லை. சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிட்டால் ஒருவர் சைன் ஸ்கொயர் எக்ஸ் பை 2 என்பார், இன்னொருவர் மைனஸ் காஸ் ஸ்கொயர் எக்ஸ் பை 2 என்பார், மூன்றாமவர் மைனஸ் காஸ் 2எக்ஸ் பை 4 என்பார். மூன்றும் சரி, ஒன்றுக்கொன்று ஒரு மாறிலிதான் வித்தியாசம். அந்த மாறிலி "பிளஸ் சி"-க்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு விடைகளையும் கழித்து, எக்ஸ்-க்கு வேறு வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரே எண் வந்துகொண்டே இருந்தால் சண்டை முடிந்தது.

இன்னொரு பழைய குழப்பம் லாக். வுல்ஃப்ராம் ஆல்ஃபா லாக் என்று எழுதினால் அது இயல் மடக்கை, நம் கால்குலேட்டரில் எல்என் பொத்தான். லாக் பொத்தானை அமுக்கிவிட்டு "சாப்ட்வேர் தப்பு" என்று சத்தியம் செய்தவர்களை நான் அறிவேன்.

விடை சரியான்னு ஒரு நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். விடை கண்டுபிடிப்பது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம் என்று அமைந்த கணக்குகள் பல்கலைக்கழகப் பாடத்தில் ஏராளம். அவற்றை ஏஐயிடம் தைரியமாகக் கொடுக்கலாம். தொகையீடு என்றால் விடையை வகையிட்டுப் பாருங்கள். எல்லை போட்ட தொகையீடு என்றால் கேசியோ 991 கால்குலேட்டரே எண்ணாகச் சொல்லிவிடும், ஏஐ தந்த சூத்திரத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் போதும்.

டிஃபரன்ஷியல் சமன்பாடு என்றால் விடையைத் தூக்கிச் சமன்பாட்டிலேயே போடுங்கள். ஒய் டபுள் டேஷ் பிளஸ் ஒய் சமம் செக் எக்ஸ் என்ற கணக்குக்குக் காஸ் எக்ஸ் பெருக்கல் எல்என் காஸ் எக்ஸ், பிளஸ் எக்ஸ் சைன் எக்ஸ் என்று வருகிறது. இரண்டு முறை வகையிட்டு ஒய்யைக் கூட்டினால் சைன் ஸ்கொயர் பை காஸ், பிளஸ் காஸ் என்று மிஞ்சும், அது செக்தான். வேரியேஷன் ஆஃப் பாராமீட்டர்ஸில் இரண்டு பக்கம் போகிற கணக்கு, சரிபார்ப்பு நான்கு வரி. லாப்லாஸ் என்றால் எஸ்-ஐ விடையோடு பெருக்கி, எஸ் முடிவிலிக்குப் போகும்போது தொடக்க மதிப்பு வருகிறதா பாருங்கள்.

ஐகன் மதிப்புக்கு வகுப்பில் எப்போதும் சொல்லும் அணி இருக்கிறது: முதல் வரி 8, −6, 2, இரண்டாவது −6, 7, −4, மூன்றாவது 2, −4, 3. மூலைவிட்டக் கூட்டல் 18, அணிக்கோவை 0. ஐகன் மதிப்புகள் 0, 3, 15. கூட்டினால் 18, பெருக்கினால் 0. கூட்டல் பொருந்தாத விடையை அந்த நொடியே தூக்கி எறியலாம். கூட்டலும் பெருக்கலும் பொருந்தியும் தவறாக இருக்க இடம் உண்டு என்பதால், கடைசியில் ஐகன் வெக்டரை அணியோடு பெருக்கிப் பாருங்கள். இங்கே 0-க்கு உரியது 1, 2, 2. பெருக்கினால் மூன்றும் பூஜ்யம்.

ஃபூரியர் தொடரில் ஒரு புள்ளியைப் போடுங்கள். மைனஸ் பையிலிருந்து பை வரை எக்ஸ் என்ற சார்புக்கு வரும் தொடரில் எக்ஸ்-க்குப் பையில் பாதியைப் போட்டால் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய் பையில் கால் பங்கு கிடைக்க வேண்டும். குறி மாறியிருந்தால் இங்கே அகப்பட்டுவிடும். நிகழ்தகவு என்றால் சின்ன எண்ணுக்குக் கையால் எண்ணிப் பாருங்கள், அல்லது நிரலைப் பத்தாயிரம் முறை பகடை உருட்டச் சொல்லுங்கள்.

ரெண்டு மூணு ஏஐ ஒரே விடை சொன்னா சரின்னு எடுத்துக்கலாம்ல?

ஒரே கைடைப் பார்த்து எழுதிய மூன்று பேரின் தாளும் ஒன்றாக இருப்பது சாட்சி ஆகுமா? மாதிரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே இணையத்தைப் படித்தவை. ஒரு குழியில் ஒன்று விழுந்தால் மற்றவையும் விழ வாய்ப்பு அதிகம். −1-இலிருந்து 1 வரை ஒன் பை எக்ஸ் ஸ்கொயர் என்ற தொகையீட்டைச் சூத்திரப்படி போட்டால் −2 வரும். எப்போதும் பாசிட்டிவாக இருக்கும் சார்புக்கு நெகட்டிவ் பரப்பு! உண்மையில் அது விரிந்துபோகிறது, மதிப்பே கிடையாது. இந்தக் குழி ரொம்பப் பிரபலம் ஆகிவிட்டதால் இன்றைய கருவிகள் தாண்டிவிடுகின்றன. அதே குழி வேறு வேஷத்தில், ஒரு வார்த்தைக் கணக்கின் நடுவில் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஒப்பிடுவதாக இருந்தால் சாதி மாற்றி ஒப்பிடுங்கள்: ஒரு மொழி மாதிரி, ஒரு இயற்கணித மென்பொருள். அல்லது மேலே சொன்ன சரிபார்ப்பு.

"நிச்சயமா?"ன்னு கேட்டா உடனே மன்னிப்பு கேட்டு விடையை மாத்திடுதே, எதை நம்புறது?

அந்தக் கேள்வியே கேட்காதீர்கள். நீங்கள் அதிருப்தியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு சரியான விடையையும் கைவிடும். உங்கள் மனம் கோணாமல் நடக்கப் பழக்கப்பட்டது அது. மாற்றியதால் முதல் விடை தவறு என்றும் ஆகாது, மாற்றாததால் சரி என்றும் ஆகாது.

புதிய உரையாடலைத் திறந்து, "ஒரு மாணவர் எழுதிய தீர்வு இது, முதலில் தவறும் வரி எது, எதுவும் தவறவில்லை என்றால் அப்படியே சொல்" என்று கொடுங்கள். தன் பிள்ளை என்று தெரியாதபோது கொஞ்சம் கண்டிப்பாகத் திருத்துகிறது. நம் வாத்தியார்கள் மாதிரியே.

அப்போ மாக்சிமாவும் வுல்ஃப்ராமும் தப்பே பண்ணாதா?

பண்ணும், வேறு விதமாக. கணக்கில் எழுதாமல் மனதில் வைத்திருக்கும் நிபந்தனைகள் அவற்றுக்குத் தெரியாது. எக்ஸ் பவர் என் என்பதைத் தொகையிடச் சொன்னால் மாக்சிமா "என் என்பது −1-ஆ?" என்று நம்மையே திருப்பிக் கேட்கும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். பல மென்பொருள்கள் கேட்காமலேயே என் பிளஸ் 1-ஆல் வகுத்துவிடும். வுல்ஃப்ராம் ஆல்ஃபா கலப்பெண் உலகத்தில் வாழ்வது. ஒன் பை எக்ஸ்-க்கு மாடுலஸ் போடாமல் லாக் எக்ஸ் என்று தரும். பரீட்சைத் தாளில் மாடுலஸை நீங்கள்தான் போட வேண்டும்.

இன்னொரு இடம் கவனம். 0-விலிருந்து 2பை வரை, 1 பை (2 பிளஸ் காஸ் எக்ஸ்) என்பதன் தொகையீடு. டேன் எக்ஸ் பை 2 என்று பிரதியிட்டால் மேல் எல்லையும் கீழ் எல்லையும் இரண்டும் 0 ஆகி, விடை 0 என்று வரும். நடுவில் பை என்ற புள்ளியில் டேன் வெடிப்பதைப் பார்க்காமல் தாண்டியதன் பலன் அது. சரியான விடை 2பையை ரூட் 3-ஆல் வகுத்தது, சுமார் 3.63. காண்டூர் இன்டகிரேஷனில் நீங்கள் போடும் அதே கணக்குதான். சார்பு எப்போதும் பாசிட்டிவ் என்று முதலில் பார்த்தவருக்கு 0 என்ற விடை எந்தக் கருவி சொன்னாலும் செல்லாது.

நான் எம்.எஸ்சி. எனக்குக் கணக்கு இல்ல, ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா நிறுவல்தான். அதுக்கு நம்பலாமா?

இங்கேதான் நான் கையைப் பிசைவேன். ஒரு நிமிடச் சரிபார்ப்பு நிறுவல்களுக்கு இல்லை. ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். மாதிரிகள் எழுதும் நிறுவல் நடையழகோடு இருக்கும், அதுவே ஆபத்து. "எளிதில் காணலாம்", "பொதுத்தன்மை குறையாமல்" என்று வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான். அடுத்து டெல்டா எதைச் சார்ந்தது என்று பாருங்கள். சீரான தொடர்ச்சியை நிறுவுகிறேன் என்று சொல்லிவிட்டு, புள்ளிக்குப் புள்ளி மாறும் டெல்டாவை எடுத்தால் அது வெறும் தொடர்ச்சிதான்.

கருவியைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, பொய்யான கூற்றைக் கொடுத்து நிறுவச் சொல்வது. 12 உறுப்புள்ள குலத்துக்கெல்லாம் 6 உறுப்புள்ள உட்குலம் உண்டு என்று கொடுத்தால் ஏ-4 என்ற குலத்தைக் காட்டி மறுக்கும். இது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. கொஞ்சம் முறுக்கிக் கொடுங்கள்: "ஒரு தொடர் ஒருங்கினால் அதன் உறுப்புகளின் கனங்களின் தொடரும் ஒருங்கும், நிறுவு." வர்க்கத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த எதிர் எடுத்துக்காட்டு, குறி மாறி மாறி வரும் 1 பை ரூட் என். கனத்துக்கு அது உதவாது, அதன் கனங்கள் ஒருங்கிவிடும். அங்கே தடுமாறி "நிறுவல்" ஒன்றை ஜோடிக்கிற கருவியை நான் விட்டுவிடுவேன். சரியான எதிர் எடுத்துக்காட்டு மூன்று மூன்றாக வரும்: 2, −1, −1, மூன்றையும் கே-யின் கனமூலத்தால் வகுத்தது. ஒவ்வொரு மூன்றும் கூட்டினால் 0, அதனால் தொடர் ஒருங்கும். கனங்களோ 8 − 1 − 1, அதாவது 6 பை கே, அது விரியும்.

ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் நிறுவல் இல்லாத முடிவுகள் பக்கம் பக்கமாக இருந்தன. பெரும்பாலானவை பொன். பகா எண்களின் எண்ணிக்கை பற்றியவற்றில் தவறு இருந்தது, ஹார்டி நிறுவல் கேட்டதால் அது வெளிப்பட்டது. ராமானுஜனிடமே நிறுவல் கேட்டிருக்கிறார்கள், நாம் போனிடம் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

சர்வதேச ஒலிம்பியாட்ல ஏஐ தங்கம் வாங்கிடுச்சாமே, இன்னும் என்ன சந்தேகம்?

செய்தி உண்மை. 2024-இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃபும் ஆல்ஃபாஜியோமெட்ரியும் சேர்ந்து 42-க்கு 28 எடுத்தன. தங்கத்துக்கு ஒரு மார்க் குறைவு. கணக்குகளை மனிதர்கள் கணினி படிக்கும் முறைசார் மொழிக்கு மாற்றிக் கொடுத்தார்கள், சில கணக்குக்கு மூன்று நாள் வரை ஆனது. 2025-இல் கூகுளின் ஜெமினி டீப் திங்க் சாதாரண மொழியிலேயே எழுதி, நாலரை மணி நேரத்துக்குள் 35 எடுத்தது. ஓபன்ஏஐயும் அதே 35-ஐ அறிவித்தது. ஆறாவது கணக்கு இரண்டுக்குமே வரவில்லை.

அந்தப் போட்டிக்கு உட்கார்ந்தவை நீண்ட நேரம் யோசிக்க விடப்பட்ட சிறப்பு மாதிரிகள். உங்கள் போனில் இரண்டு நொடியில் பதில் சொல்கிற இலவசப் பதிப்புக்கும் அவற்றுக்கும் பெயரில்தான் உறவு. தங்கம் வாங்கியவரின் ஒன்றுவிட்ட தம்பியிடம் டியூஷன் படிக்கிற கதை.

தேற்றத்தோட பெயர், புத்தகம், பக்க எண் எல்லாம் சொல்லுது. அதை மேற்கோளாப் போடலாமா?

புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை கூடாது. ஒருமுறை ஒரு துணைத்தேற்றத்துக்கு ஆதாரம் கேட்டேன். நல்ல புத்தகத்தின் பெயரும் "தேற்றம் 4.7" என்றும் வந்தது. பஸ் பிடித்து நூலகம் போய்ப் பார்த்தால் அந்த அத்தியாயத்தில் ஐந்து தேற்றங்கள்தான் இருந்தன. இணையத்தில் தேடி, கிடைத்த பக்கத்தின் சுட்டியையும் தருகிற கருவி பரவாயில்லை. சுட்டியைத் திறந்து பார்க்கும் சிரமம் மட்டும் உங்களுடையது.

லீன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதைக் கத்துக்கிட்டா இந்தச் சந்தேகமே வராதா?

லீன் என்பது நிறுவலை வரி வரியாகச் சரிபார்க்கும் மொழி. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் லியனார்டோ டி மோரா 2013-இல் தொடங்கியது. 2023 கடைசியில் டெரன்ஸ் டாவும் உடன் மூவரும் ஒரு பெரிய அனுமானத்தை நிறுவியபோது, மூன்றே வாரத்தில் அந்த நிறுவல் முழுவதையும் பலர் சேர்ந்து லீனில் எழுதிச் சரிபார்த்தார்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ளுங்கள். செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் இருபது நாள் என்றால் வேண்டாம், முதல் இருபது நாளும் கூட்டலின் பரிமாற்று விதியை நிறுவுவதிலேயே போய்விடும்.

அங்கேயும் இரண்டு பொறி. ஏஐ எழுதிய லீன் நிறுவலில் "சாரி" என்ற சொல் இருக்கிறதா தேடுங்கள். இந்த இடத்தைப் பிறகு நிரப்புகிறேன் என்று அதற்குப் பொருள். எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு லீன் விட்டுவிடும். மற்றது, நிறுவல் சரியாக இருந்தும் நீங்கள் கேட்ட தேற்றமாக அது இல்லாமல் போவது. லீனின் நூலகத்தில் 1-ஐ 0-வால் வகுத்தால் 0 என்று வைத்திருக்கிறார்கள், வசதிக்காக. கூற்றை எழுதியவர் அதை மறந்தால் நிறுவப்பட்டது வேறு ஏதோ ஒன்று.

அசைன்மென்ட்ல அப்படியே எழுதினா மாட்டிக்குவேனா?

மென்பொருள் வைத்துப் பிடிப்பது கஷ்டம். ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆனால் உங்கள் மேடம் மென்பொருளா வைத்திருக்கிறார்? அவர் நடத்தாத முறையில் கணக்கைப் போட்டு, "மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் நின்று முழிப்பீர்கள். "எங்கள் பாடத்தில் இந்த முறைதான், இதை மட்டும் பயன்படுத்து" என்று சொல்லிக் கேட்டு, பிறகு மூடிவைத்துவிட்டு ஒருமுறை நீங்களே போடுங்கள்.

நெட் தேர்வு பழைய வினாத்தாளுக்கு ஏஐ எல்லா விடையும் கரெக்டா சொல்லுதே, அப்போ அதை வெச்சே படிக்கலாமா?

அந்த வினாவும் விடைக்குறிப்பும் பல ஆண்டாக இணையத்தில் கிடக்கின்றன. தீர்க்கிறதா, ஞாபகத்திலிருந்து எடுக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணை மாற்றுங்கள், நிபந்தனை ஒன்றை நீக்குங்கள், "மூடிய" என்பதைத் "திறந்த" என்று ஆக்குங்கள். அப்போதும் பழைய விடையையே சொன்னால் குட்டு வெளிப்பட்டது. பகுதி சி-யில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மார்க். ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே நிறுவல் அல்லது எதிர் எடுத்துக்காட்டு கேளுங்கள். நான்கையும் மொத்தமாகக் கேட்டால் கடைசி இரண்டில் அவசரம் காட்டுகிறது.

புதுசா ஒரு ஆப் வந்தா, உங்களைக் கேட்காம நானே எப்படிச் சோதிக்கிறது?

உங்கள் பாடத்திலிருந்து, விடை உறுதியாகத் தெரிந்த ஏழெட்டுக் கணக்குகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நீள எண்கணக்கு ஒன்று, எல்லைக்குள் வெடிக்கும் தொகையீடு ஒன்று, பொய்க் கூற்று ஒன்று, தகவல் போதாத கணக்கு ஒன்று, மங்கலான போட்டோ ஒன்று, நீங்களே எண் மாற்றிய பழைய வினா இரண்டு. தகவல் போதாத கணக்குக்கு "போதாது" என்று சொல்கிறதா என்பதை நான் மிகவும் கவனிப்பேன். ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில் இரண்டு முறை கேளுங்கள்; இரண்டு முறையும் ஒரே விடை வராவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தாளில் இப்போது பதினோரு கணக்குகள் இருக்கின்றன. மேலே கனங்களின் தொடரைப் பற்றி எழுதிவிட்டதால் அதை அடித்துவிட்டு வேறொன்று தேட வேண்டும். மீதிப் பத்தை அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன்.